தீர்ப்பான கடனும் வசூலுக்கு வரும் கடிதமும்

(ஆண்டு விழாவையொட்டி நடந்த குடும்பநலக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவிழா மேடையில் கடனைப் பற்றிப் பேசுவது மங்கலமா என்று சிலர் கேட்கலாம். கடன் இல்லாத வீடு நம்மில் குறைவு. ஆனால் கடனைப் பற்றி வாய்விட்டுப் பேசும் வீடு அதைவிடக் குறைவு. மோட்டார் சைக்கிளுக்கு வாங்கியது, கல்யாணத்திற்கு வாங்கியது, மைத்துனருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டது என்று ஏதோ ஒன்று இருக்கும். அது ஒரு நாள் நீதிமன்றத் தீர்ப்பாக மாறி, பிறகு வசூல் நிறுவனத்தின் கைக்குப் போய், சிவப்பு எழுத்துக் கடிதமாக வீட்டு வாசலுக்கு வரும். அப்போது குடும்பத்தில் சோறு இறங்காது. கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கடிதத்தை என்ன செய்வது என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய கடனைக் கொடுக்காமல் தப்புவதற்கு வழி சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. பட்ட கடனைத் தீர்ப்பது அறம். ஆனால் கொடுக்க வேண்டியதை மட்டும் கொடுப்பதும், கொடுக்க வேண்டியவரிடம் கொடுப்பதும், குடும்பம் பட்டினி கிடக்காமல் கொடுப்பதும் அதே அறத்தில் அடங்கும்.

நம் முன்னோரும் கடனும்

நம் மக்கள் இந்த நாட்டுக்கு வந்ததே கடனோடுதான். கப்பல் கட்டணமும் முன்பணமும் கூலியின் கணக்கில் ஏறும். மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது. அதன் பிறகும் கங்காணி முறை 1938 வரை நடந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலோ ‘துண்டு’ என்று ஒரு தாள் இருந்தது. இந்தக் கூலி இவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டு ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் கை மாறியது. கூலியும் அதோடு கை மாறினான். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? தனக்குப் படிக்கத் தெரியாத தாளில், தனக்குத் தெரியாமலே ஏறிய தொகை, தனக்கு முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போவது நமக்குப் புதிதல்ல. அன்றைய கூலிக்கு அந்தத் தாளை எதிர்த்துக் கேட்க இடமில்லை. இன்று நமக்கு இடம் இருக்கிறது. இருந்தும் கேட்காமல் இருந்தால் அது யார் குற்றம்?

தோட்டம் மாறியது, முகவரி மாறவில்லை

கெடாவில் இந்தச் சிக்கல் ஏன் அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். ஹார்வார்ட், விக்டோரியா, ஹென்ரியேட்டா என்று தோட்டப் பெயரைச் சொன்னாலே ஊர் தெரிந்த காலம் இருந்தது. கடிதம் தோட்ட அலுவலகத்திற்கு வரும். கிராணியோ, கங்காணியோ, ஆயாக் கொட்டகையில் யாரோ ஒருவரோ ‘உனக்குக் கடிதாசி வந்திருக்கு’ என்று சொல்லிவிடுவார்கள். பிறகு பால்மரம் செம்பனையானது. செம்பனை வீடமைப்புத் திட்டமானது. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். லயத்தை விட்டுக் குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ் பக்கம் வாடகை வீடுகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் வந்துவிட்டன.

ஆனால் அடையாளக் கார்டில் பழைய தோட்ட முகவரியே இருக்கிறது. வங்கியில் கொடுத்த முகவரியும் அதுதான். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி, வழக்கின் ரிட் சமனை நேரில் கொடுக்கலாம். அல்லது கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். அந்த லயம் இடிந்து போயிருந்தாலும், வேறொருவர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தாலும், வழக்கு நடக்கும். சமன் கிடைத்த 14 நாட்களுக்குள் பிரதிவாதி ஆஜராவதாகப் பதிவு செய்யாவிட்டால், எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கிவிடலாம். இதைத்தான் மலாயில் ‘பெங்ஹாகிமான் இங்கார்’ என்கிறார்கள்.

ஆக, வழக்கு போட்டதே தெரியாமல் தீர்ப்பாகி, அது ஆண்டுக்கணக்கில் கிடந்து, பிறகு ஒரு நாள் வசூல் நிறுவனம் கைத்தொலைபேசியில் கூப்பிடும்போதுதான் பலருக்கு விவரமே தெரியவருகிறது. அதனால் இன்றைய கூட்டத்தில் வேறு எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: வீடு மாறினால் 30 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றுங்கள். வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். படிக்கத் தெரியவில்லை என்று அலமாரியில் சொருகி வைப்பதுதான் பெரிய ஆபத்து. ஐந்து மலாய்ப் பெயர்களை மட்டும் மனத்தில் வையுங்கள்.

‘ரிட் சமன்’ என்றால் வழக்கு இப்போதுதான் தொடங்குகிறது. உங்கள் தரப்பைச் சொல்ல இதுவே நல்ல நேரம்.

‘பெங்ஹாகிமான் இங்கார்’ என்றால் நீங்கள் வராததால் தீர்ப்பாகிவிட்டது என்று பொருள்.

‘சமன் பெங்ஹுத்தாங் பெங்ஹாகிமான்’ என்றால், தீர்ப்புக் கடனாளியான உங்களைக் கூப்பிட்டு, வருமானம் என்ன, செலவு என்ன, எவ்வளவு கட்ட முடியும் என்று நீதிமன்றம் விசாரிக்கப் போகிறது.

‘ரிட் பெனியித்தாஆன் டான் பெஞ்சுவாலான்’ என்றால் பொருளைக் கைப்பற்றி விற்பதற்கான ஆணை.

‘நோட்டிஸ் கெபாங்கிராப்பான்’ என்றால் திவால் நடவடிக்கையின் முதல் படி. இதற்கு 7 நாள்தான் அவகாசம்.

இவை எல்லாம் நீதிமன்ற முத்திரையும் வழக்கு எண்ணும் உள்ள தாள்கள். இந்த முத்திரையும் இல்லாமல், வழக்கு எண்ணும் இல்லாமல், ‘இறுதி எச்சரிக்கை’ என்று பெரிய எழுத்தில் மட்டும் வருவது வசூல் நிறுவனத்தின் கடிதம். இரண்டும் ஒன்றல்ல. முன்னதற்குப் போகாவிட்டால் சட்டம் பாயும். பின்னதற்கு நிதானமாக, எழுத்து மூலம் பதில் கேட்கலாம்.

இன்னொரு செய்தி. நம் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றம் உண்டு. ‘ஞாயிற்றுக்கிழமை தேதி போட்டிருக்கிறான், இது பொய்க் கடிதம்’ என்று பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் உறவினர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

வசூல் நிறுவனம் யார்?

வசூல் நிறுவனம் நீதிமன்றத்தின் கிளையல்ல, போலீஸும் அல்ல. அதற்கு இரண்டு முகம் இருக்கலாம். ஒன்று, வங்கியின் சார்பில் கூலிக்குப் பணம் கேட்கும் தரகு நிறுவனம். அப்படியானால் கடன் இன்னும் வங்கிக்குத்தான். இன்னொன்று, கடனையே விலைக்கு வாங்கிக்கொண்ட நிறுவனம். 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டத்தின்படி, கடனை முழுவதுமாக இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால், அதைக் கடனாளிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். ஆகவே முதல் கேள்வி இதுதான்: ‘நீங்கள் யார் சார்பில் கேட்கிறீர்கள்? வங்கி உங்களை நியமித்த கடிதம் எங்கே? அல்லது கடனை வாங்கியதற்கான அறிவிப்பு எங்கே?’ இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நேர்மையான நிறுவனம் காட்டும். காட்ட மறுப்பவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். நேரே வங்கிக்குப் போய்க் கேளுங்கள்.

வங்கி தன் கணக்கை வெளி வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் வாடிக்கையாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும், அந்த நிறுவனத்தின் நடத்தைக்கு வங்கியே பொறுப்பு என்றும் பேங்க் நெகாரா எதிர்பார்க்கிறது. மிரட்டினால், அவமானப்படுத்தினால், தேதி, நேரம், பேசியவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வங்கிக்குப் புகார் கொடுங்கள். வங்கி கவனிக்காவிட்டால் பேங்க் நெகாராவுக்கு எழுதுங்கள். அடிப்பேன், உதைப்பேன் என்றால் அது கடன் விவகாரமல்ல. தண்டனைச் சட்டத்தின்கீழ் குற்றம். போலீஸில் புகார் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் வசூல்காரர்களைக் கட்டுப்படுத்த 1977இலேயே சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் வங்கியல்லாத கடன் நிறுவனங்களையும் வசூல் நிறுவனங்களையும் ஒரே ஆணையத்தின்கீழ்க் கொண்டுவரும் நுகர்வோர் கடன் சட்டத்தை 2025இல்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தாமதம்தான்; ஆனாலும் வரவேற்க வேண்டியது.

மிரட்டலும் உண்மையும்

தொலைபேசியில் என்னென்ன சொல்வார்கள், சட்டம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘நாளைக்கு வந்து டிவியையும் ஐஸ்பெட்டியையும் தூக்கிக்கொண்டு போவோம்’ என்பார்கள். முடியாது. நீதிமன்ற ரிட்டுடன் நீதிமன்றத்தின் பெய்லிப்தான் வர முடியும். வசூல் நிறுவன ஆள் தானாக வீட்டுக்குள் நுழைந்து ஒரு கரண்டியைக்கூட எடுக்க உரிமையில்லை. தவணைமுறையில் வாங்கிய வாகனத்திற்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. 1967ஆம் ஆண்டு தவணைமுறைக் கொள்முதல் சட்டம் அதை முறைப்படுத்துகிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும். 21 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணை வேண்டும்.

‘உன்னைத் திவாலாக்கி விடுவோம்’ என்பார்கள். கடனாளியைத் திவாலாக்குவதற்கான குறைந்தபட்சத் தொகை 2003இல் 30,000 வெள்ளி ஆனது; 2017இல் 50,000 ஆனது; 2021 செப்டம்பர் முதல் 100,000 வெள்ளி. ஒருவருக்கு மேற்பட்ட கடன்கொடுத்தோர் ஒன்றுசேர்ந்து வந்தாலும், எல்லாம் சேர்ந்து அந்தத் தொகையை எட்ட வேண்டும். ஆகவே 8,000 வெள்ளிக் கடனுக்குத் திவால் என்று சொல்வது வெறும் பூச்சாண்டி. அதைக் கேட்டு நடுங்கித் தாலியை அடகு வைத்த பெண்களும் நம்மிடையே உண்டு.

‘ஜாமீன் போட்டவனையும் விடமாட்டோம்’ என்பார்கள். இதில் பாதி உண்மை. இலாபம் எதுவும் பெறாமல் இன்னொருவரின் கல்விக் கடனுக்கோ, சொந்த உபயோக வாகனத்திற்கோ, குடியிருக்கும் வீட்டுக்கடனுக்கோ ஜாமீன் போட்டவரைச் ‘சமூக ஜாமீன்தாரர்’ என்று சட்டம் அழைக்கிறது. 2017 அக்டோபர் முதல் அவரைத் திவாலாக்க முடியாது. ஆனால் அவர்மீது வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கலாம், பொருளைக் கைப்பற்றலாம். ஜாமீன் என்பது சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துப் போடும் பழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை.

‘அப்பா வாங்கிய கடன், பிள்ளை கட்டு’ என்பார்கள். தந்தையின் கடனை மகன் தீர்ப்பது புனிதக் கடமை என்ற கோட்பாடு இந்து தர்ம நூல்களிலிருந்து வந்து, இந்தியச் சட்டத்திலும் நெடுங்காலம் இருந்தது. அங்கேயே 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அதை நீக்கிவிட்டது. நம் நாட்டில், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் கடனைக் கேட்கலாம். பிள்ளை ஜாமீன் போடாமலோ சேர்ந்து வாங்காமலோ இருந்தால் அவர் சொந்தச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை. மனைவிக்கும் அப்படியே. அன்பினால் கட்டுவது வேறு. கட்டாயத்தினால் கட்டுவது வேறு.

‘சேமநிதியைப் பிடித்துவிடுவோம்’ என்பார்கள். ஊழியர் சேமநிதியில் இருக்கும் பணத்தைக் கடன்கொடுத்தவர் முடக்க முடியாது. 1991ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. ஆனால் அதை எடுத்து வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால், தீர்ப்புப் பெற்றவர் நீதிமன்ற ஆணையுடன் அந்தக் கணக்கை முடக்க வழியுண்டு.

‘ஜெயிலுக்குப் போவாய்’ என்பார்கள். கடன் வாங்கியதற்காக யாரும் சிறை போவதில்லை. ஆனால் இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். 1957ஆம் ஆண்டுக் கடனாளிகள் சட்டத்தின்படி, நீதிமன்றம் கூப்பிட்ட நாளில் போகாமலிருந்தால் கைதாணை வரலாம். நீதிமன்றம் விதித்த தவணையைத் தக்க காரணமின்றிக் கட்டாமல் விட்டால் சிறை ஆணைக்கும் இடமுண்டு. இந்தியாவில் 1980இல் கொச்சின் வங்கி வழக்கொன்றில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நேர்மையாகக் கட்ட முடியாத ஏழையைச் சிறையில் தள்ளுவது தகாது, கட்ட வசதியிருந்தும் கெட்ட எண்ணத்துடன் மறுப்பவனுக்குத்தான் சிறை என்ற கருத்தைத் தீர்ப்பாக எழுதினார். இங்கேயும் நீதிமன்றத்தில் நேரில் நின்று ‘என்னால் இவ்வளவுதான் முடியும்’ என்று கணக்கைக் காட்டுபவரின் நிலை வேறு. ஓடி ஒளிபவரின் நிலை வேறு.

கணக்கைக் கேளுங்கள்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு எதிராக 8,000 வெள்ளிக்குத் தீர்ப்பானது. வழக்குச் செலவு 500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்புத் தொகைக்கு நீதிமன்றம் வழக்கமாக விதிக்கும் வட்டி 2012 முதல் ஆண்டுக்கு 5 விழுக்காடு. கடன் ஒப்பந்தத்தில் வேறு விகிதம் இருந்தால் அது தீர்ப்பிலேயே எழுதியிருக்கும். 8,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 400 வெள்ளி வட்டி. 6 ஆண்டுக்கு 2,400. மொத்தம் 10,900 வெள்ளி. ஆனால் வசூல் கடிதத்தில் 17,500 என்று இருக்கிறது. மீதி 6,600 எங்கிருந்து வந்தது?

இதைக் கேட்க வேண்டும். தீர்ப்பில் உள்ள தொகை, தீர்ப்பில் உள்ள வட்டி, நீதிமன்றம் அனுமதித்த செலவு ஆகிய மூன்றுதான் தீர்ப்புக் கடன். ‘வசூல் கட்டணம்’, ‘நிர்வாகக் கட்டணம்’ என்று நிறுவனம் தன் விருப்பத்துக்குச் சேர்ப்பது அதில் அடங்காது. கடிதத்தில் வழக்கு எண் இருந்தால் அதைக் கொண்டு, வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவகத்தில் கோப்பைப் பார்வையிட விண்ணப்பிக்கலாம். அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, கூலிம், பாலிங் ஆகிய ஊர்களில் நீதிமன்றங்கள் உள்ளன. தீர்ப்பின் நகலைக் கையில் வாங்கிய பிறகே தொகையைப் பற்றிப் பேச வேண்டும்.

காலக்கணக்கையும் பாருங்கள். 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 ஆண்டு அவகாசம். தீர்ப்பான பிறகு அந்தத் தீர்ப்பின்மேல் நடவடிக்கை எடுக்க 12 ஆண்டு. ஆனால் வட்டிப் பாக்கியை 6 ஆண்டுக்கு மேல் கேட்க முடியாது. தீர்ப்பாகி 6 ஆண்டு கடந்துவிட்டால், பொருளைக் கைப்பற்றும் நடவடிக்கைக்கு முன் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். திவால் நோட்டீஸுக்கும் அப்படி அனுமதி வேண்டும் என்று 2015இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. காலம் கடந்துவிட்டது என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்; நீதிபதி உங்களுக்காகத் தேடிச் சொல்ல மாட்டார். தீர்ப்பாகாத பழைய கடனுக்கு, ‘ஆமாம், கட்ட வேண்டும்’ என்று கையெழுத்திட்டுக் கொடுத்தாலோ, ‘முதலில் 50 வெள்ளி போடுங்கள், பிறகு பேசுவோம்’ என்ற பேச்சை நம்பிக் கட்டினாலோ, காலக்கணக்கு புதிதாகத் தொடங்கிவிடலாம். ஆகவே பழைய கடன் என்றால், கையெழுத்துக்கு முன் சட்ட ஆலோசனை பெறுங்கள்.

தெரியாமல் தீர்ப்பானால்

சமனே கிடைக்கவில்லை, அல்லது கடனை ஏற்கெனவே கட்டிவிட்டேன், அல்லது அந்தக் கையெழுத்து என்னுடையதல்ல என்பவர்கள் தீர்ப்பை இரத்துச் செய்ய விண்ணப்பிக்கலாம். தீர்ப்பு கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் செய்ய வேண்டும். பிந்திவிட்டால் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். பிந்தியதற்குக் காரணம் காட்ட வேண்டும். பழைய முகவரிக்குச் சமன் போனது, அப்போது நான் வேறு இடத்தில் குடியிருந்தேன் என்பதற்கு மின்சார பில், வாடகை இரசீது, பிள்ளையின் பள்ளிப் பதிவு போன்றவை உதவும். இதற்கு வழக்கறிஞர் தேவை. பணம் இல்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவித் துறையையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகி, தங்கள் வழக்கை ஏற்பார்களா என்று கேட்கலாம். நீதிமன்றத்தில் மலாய் புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

கட்டுவது எப்படி?

கடன் உண்மை, தீர்ப்பும் சரி என்றால் அடுத்த வேலை தவணை பேசுவது. வாயால் பேச வேண்டாம், எழுதிக் கேளுங்கள். சம்பளச் சீட்டு, வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மருந்துச் செலவு எல்லாம் ஒரு தாளில் எழுதி, ‘மாதம் இவ்வளவு என்னால் முடியும்’ என்று கேளுங்கள். கடன்கொடுத்தவர் மறுத்தால், அதே தாளை நீதிமன்ற விசாரணையில் கொடுங்கள். நீதிமன்றம் வருமானத்தைப் பார்த்துத் தவணை விதிக்கும். பிறகு வேலை போய்விட்டாலோ நோய் வந்துவிட்டாலோ, தவணையை மாற்றக் கேட்கலாம். கட்டாமல் விட்டுவிட்டுப் பிறகு காரணம் சொல்வதைவிட, முன்னாலேயே போய்ச் சொல்வது நல்லது.

தவணை மிகப் பெரிதாகவும் இருக்கக்கூடாது. மிகச் சிறிதாகவும் இருக்கக்கூடாது. நான் சொன்ன 8,000 வெள்ளிக்கு மாத வட்டியே 33 வெள்ளிக்கு மேல் வருகிறது. மாதம் 30 வெள்ளி கட்டினால் பத்தாண்டு கட்டினாலும் முதல் குறையாது. மாதம் 200 வெள்ளி முடியுமானால் நாலு, ஐந்து ஆண்டுகளில் விடுதலை. மாறாக, வசூல்காரரின் நெருக்கடிக்குப் பயந்து 600 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டு, மூன்றாம் மாதம் தவறினால் பழைய நிலைதான்.

பணத்தை வங்கியின் கணக்கிலோ, நியமனக் கடிதத்தில் குறிப்பிட்ட நிறுவனக் கணக்கிலோ மட்டும் கட்டுங்கள். வந்தவரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். கையில் ரொக்கமும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு இரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ‘மொத்தமாக 6,000 கொடுத்தால் முடித்துக்கொள்கிறோம்’ என்று தள்ளுபடி சொன்னால், கடன்கொடுத்தவரின் கடிதம் கையில் வந்த பிறகே கட்டுங்கள். எல்லாம் முடிந்ததும் ‘முழுக் கடனும் தீர்ந்தது’ என்ற கடிதம் கட்டாயம் வேண்டும். சி.சி.ரி.எஸ்., சி.டி.ஓ.எஸ். பதிவுகளில் பெயர் சரி செய்யப்பட்டதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பிறகு வீட்டுக்கடன் கேட்கும்போது பழைய பேய் எழுந்து வரும்.

கடன் இன்னும் தீர்ப்பாகவில்லை, ஆனால் தவணை தடுமாறுகிறது என்றால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள். அது வங்கிகளுடன் பேசித் தவணையைச் சீரமைக்கும். ஆலோசனை இலவசம். வழக்கு முற்றிய பிறகு போவதைவிட முன்னால் போனால்தான் பயன். ‘ஏ.கே.பி.கே.யில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கொடு’ என்று கேட்பவரை நம்பாதீர்கள்.

ஒரு கடனைத் தீர்க்க இன்னொரு கடன்

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. வசூல் கடிதத்துக்குப் பயந்து ஆலோங்கிடம் ஓடுவதைப் போன்ற அறியாமை வேறில்லை. தீர்ப்புக் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 5 விழுக்காடு. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்கே, 1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டத்தின்கீழ், அடமானம் இருந்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடும், இல்லாவிட்டால் 18 விழுக்காடும்தான் உச்ச வரம்பு. ஆலோங் மாதத்துக்கு 10 விழுக்காடு கேட்டால் அது ஆண்டுக்கு 120. ஐந்து விழுக்காட்டுக் கடனை நூற்றிருபது விழுக்காட்டுக் கடனாக மாற்றிக்கொள்வது எரிகிற வீட்டிலிருந்து கிணற்றில் குதிப்பதாகும். உரிமமில்லாதவர் கொடுத்த கடனை எந்த நீதிமன்றமும் வசூலித்துத் தராது. அதனால்தான் அவர் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுகிறார்.

நண்பர்களே, கெடா மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. போருக்குப் பின் 1946, 47ஆம் ஆண்டுகளில் கள்ளுக்கடையை எதிர்த்துத் தோட்டத்துக்குத் தோட்டம் தொண்டர் படை எழுந்தது இங்கேதான். கூலிப்பணம் கள்ளுக்கடையில் கரையக் கூடாது என்று படிக்காத தொழிலாளர்கள் ஒன்றுகூடிச் சொன்னார்கள். தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் தொடக்கக் காலத்தில் வாங்கிய தோட்டங்களுள் நம் கெடாவின் புக்கிட் சிடிமும் ஒன்று. பாட்டாளிகள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் நடந்த காரியம் அது. தனி மனிதனால் தாங்க முடியாத சுமையைச் சேர்ந்து தூக்கிய மக்கள் நாம்.

அந்த ஒற்றுமையைக் கடன் விஷயத்திலும் காட்டலாம். அதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள், கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போதும். மலாயும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து, வருகிறவர்களின் கடிதத்தைப் படித்துச் சொல்லட்டும்: இது நீதிமன்றத் தாளா, வசூல் தாளா? எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும்? வழக்கறிஞர் தேவையா? அவ்வளவுதான். கேட்டதை வெளியே சொல்லாத நாணயம் மட்டும் அவர்களுக்கு வேண்டும். இதற்கு முன்வரும் இளைஞர்கள் தங்கள் பெயரைப் பொறுப்பாளர்களிடம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பிரிக்காமல் கிடக்கும் கடிதங்கள் இருந்தால், இன்றிரவே பிரியுங்கள். கணவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். இருவருமாக உட்கார்ந்து தேதியைப் பாருங்கள். 7 நாள், 14 நாள், 30 நாள் என்று நான் சொன்ன அவகாசங்கள் எல்லாம் கடிதம் அலமாரியில் தூங்கும்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.